இரண்டாம் இடத்தின் விலை

2014 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. மேரிலாந்து மாநிலம் லேண்டோவரில் உள்ள வாஷிங்டன் அணியின் மைதானம். அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டம் தொடங்குமுன் நாணயம் சுண்டுவதற்கு இரு அணித் தலைவர்களும் நடுக்களத்துக்கு வருவார்கள். அன்று, விருந்தாளியாக வந்திருந்த செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் பக்கத்திலிருந்து ஆறு பேர் நடந்து வந்தார்கள்: மைக்கேல் பிராக்கர்ஸ், ஜனோரிஸ் ஜென்கின்ஸ், அலெக் ஓகில்ட்ரீ, ஸ்டெட்மன் பெய்லி, சாக் ஸ்டேசி, கிரெக் ராபின்சன். அவர்களை அனுப்பியவர் பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர். ராபர்ட் கிரிஃபின் என்ற ஒரே ஓர் இளம் குவார்ட்டர்பேக்கைப் பெறுவதற்காக வாஷிங்டன் 2012இல் ராம்ஸிடம் கொடுத்த தேர்வுரிமைகளின் வழியாக வந்து சேர்ந்தவர்கள் இந்த ஆறு பேரும். அந்தக் கிரிஃபின் அன்று தொடக்க ஆட்டக்காரராகக்கூட இறக்கப்படவில்லை. ராம்ஸ் 24-0 என்று வென்றது.

வாங்கியவர் வீட்டு வாசலிலேயே விற்றவர் கணக்குப் புத்தகத்தை விரித்துக் காட்டிய காட்சி அது. ஆனால் அந்தப் பருவம் முடிந்தபோது ராம்ஸின் கையில் இருந்தது 6 வெற்றி, 10 தோல்வி. முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம்; அடுத்த ஆண்டும் அப்படியே. இவ்வளவு நல்ல விலைக்கு விற்ற அணி ஏன் மேலே ஏறவில்லை என்ற கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. அதைத் துருவிப் பார்த்தால், குவார்ட்டர்பேக் தேடித் தவிக்கும் அணிகளுடன் நடக்கும் வியாபாரத்தின் உள்கட்டு மொத்தமும் தெரிகிறது.

முதலில் சந்தையைச் சொல்லிவிடலாம். நேஷனல் ஃபுட்பால் லீகில் 32 அணிகள். கல்லூரிகளிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களை அவை ஏலத்தில் எடுப்பதில்லை. வரிசை முறையில் எடுக்கின்றன. போன பருவத்தில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி. இப்படி ஏழு சுற்று. இந்த டிராஃப்ட் ஏற்பாட்டை முன்மொழிந்தவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல். 1936இல் முதன்முறையாக நடந்தபோது, முதல் தேர்வாக அவர் எடுத்தது ஜே பெர்வாங்கரை. கேட்ட சம்பளத்தைக் கொடுக்க முடியாமல் அந்த உரிமையைச் சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிவிட்டார். பெர்வாங்கரோ தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை. நலிந்தவரைக் கைதூக்கிவிட ஏற்பட்ட வரிசை முதல் ஆண்டிலேயே கைமாறும் சரக்காகியிருந்தது.

குவார்ட்டர்பேக் யார் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பதினொரு பேர் கொண்ட தாக்கும் அணியில், ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது அவர் கைக்கு. யாருக்கு எறிவது, எப்போது எறிவது, எறியாமல் ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். அந்த இடத்தில் திறமையான ஆள் இல்லாத அணிக்கு மற்ற இடங்களில் எத்தனை பேர் இருந்தும் போதுவதில்லை. உலகத்தில் அப்படிப்பட்டவர்கள் எந்த ஆண்டிலும் 32 பேர் இருந்ததில்லை என்பதுதான் இந்தச் சந்தையின் அடிப்படை.

தேர்வுகளுக்கு விலைப்பட்டியல் ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கவ்பாய்ஸ் அணியில் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனுக்காக, உரிமையாளர் ஜெர்ரி ஜோன்ஸின் எண்ணெய்த் தொழில் கூட்டாளியான மைக் மெக்காய் அதைத் தயாரித்தார். பழைய பரிமாற்றங்களைப் பார்த்து ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பெண் போட்டார். முதல் தேர்வு 3,000. இரண்டாவது 2,600. ஆறாவது 1,600. முதல் சுற்றின் 32ஆம் இடத்துக்கு வருவதற்குள் 590. இந்தத் தாள் மெல்ல மெல்ல எல்லா அணிகளின் அறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று புதுப் பட்டியல்கள் பல வந்துவிட்டாலும் பேரம் பேசுகிறவர்கள் முதலில் நினைப்பது இந்த எண்களைத்தான்.

2012 பேரத்தை இந்தத் தாளில் வைத்துப் பார்ப்போம். ராம்ஸ் கொடுத்தது இரண்டாம் இடம்: 2,600. வாஷிங்டன் அந்த ஆண்டே கொடுத்தவை ஆறாம் இடமும் 39ஆம் இடமும்: 1,600 கூட்டல் 510, ஆக 2,110. குறைவது 490. பட்டியலின்படி 41ஆம் இடத்துக்கு ஈடான தொகை. அதாவது இரண்டாம் சுற்றின் ஒரு தேர்வை மேலே வைத்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். வாஷிங்டன் வைத்ததோ 2013, 2014 என இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளை. ‘அடுத்த ஆண்டுத் தேர்வு ஒரு சுற்று மதிப்புக் குறைவு’ என்ற சந்தை வழக்கப்படி அவற்றை இரண்டாம் சுற்றின் நடுவில் வைத்து மதிப்பிட்டாலும் 840 வருகிறது. 490க்கும் 840க்கும் இடையே கிடப்பதுதான் குவார்ட்டர்பேக் என்ற பெயருக்காகக் கொடுத்த கூடுதல் விலை. கிளீவ்லாந்தும் அதே இடத்துக்குப் போட்டியிட்டது. வாங்குபவர் இருவர் இருக்கும்போது விற்பவர் விலை சொல்லவே வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு தருகிறார்கள்? தேவை ஒரு காரணம். சம்பளம் இன்னொன்று. 2010இல் முதல் தேர்வான குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ராம்ஸ் கொடுத்தது ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அதில் 5 கோடி உத்தரவாதம். மறு ஆண்டு புதிய தொழிலாளர் ஒப்பந்தம் வந்து புதுமுகங்களின் சம்பளத்துக்கு வரம்பு கட்டியது. 2011இன் முதல் தேர்வான குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் நான்கு ஆண்டுக்குப் பெற்றது 2.2 கோடி. அணியின் மொத்தச் சம்பளத்துக்கே உச்சவரம்பு இருக்கும் லீகில், திறமையான இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் வாய்த்தால் அவரிடம் மிச்சப்படும் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பிக்கொள்ளலாம். அந்த நான்கைந்து ஆண்டு சலுகைக் காலத்துக்காகத்தான் அணிகள் எதிர்காலத்தை அடகு வைக்கின்றன.

மூன்றாவது காரணம் மனிதர்களைப் பற்றியது. என் பார்வையில் அதுவே மிக முக்கியமானது. அடுத்த ஆண்டுத் தேர்வைக் கொடுத்துவிடும் பொது மேலாளர், அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் இருப்பார் என்பது நிச்சயமில்லை. குவார்ட்டர்பேக் இல்லாத அணியின் மேலாளருக்கு வேலை போகும் அபாயம் எப்போதும் தலைக்கு மேல் தொங்குகிறது. இன்று வாங்கும் ஆட்டக்காரர் அவர் வேலையைக் காப்பாற்றலாம். நாளை இழக்கும் தேர்வோ அவருக்குப் பின்னால் வருகிறவரின் கவலை. கரோலினா பேந்தர்ஸ் 2023 மார்ச் 10 அன்று சிகாகோவிடமிருந்து முதல் தேர்வை வாங்கி பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. நவம்பர் முடிவதற்குள் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் வெளியேற்றப்பட்டார். ஜனவரியில் பொது மேலாளர் ஸ்காட் ஃபிட்டரர். அவர்கள் வாக்களித்த 2024ஆம் ஆண்டுத் தேர்வு கைமாறியபோது இருவருமே அங்கே இல்லை.

பொருளியலாளர்கள் கேட் மேஸியும் ரிச்சர்ட் தேலரும் இந்தச் சந்தையை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. தேலருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் ஆட்டக்காரரின் ஆட்ட மதிப்பிலிருந்து அவருக்குத் தரும் சம்பளத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் அணிக்கு உண்மையான ஆதாயம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆதாயம் உச்சத்தில் இருந்தது முதல் தேர்வில் அல்ல, இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில். அவர்கள் எடுத்துக்கொண்ட தரவுகள் 2011க்கு முந்தையவை. மேல் வரிசைச் சம்பளம் பின்னர் குறைந்ததால் அந்த முடிவின் கூர்மை இன்று கொஞ்சம் மழுங்கியிருக்கும். ஆனால் அவர்களின் இன்னொரு கணக்கு மழுங்கவில்லை. ஒரே இடத்தில் ஆடும் இருவரில், முன்னால் தேர்வானவர் அவருக்கு அடுத்துத் தேர்வானவரைவிட நன்றாக ஆடும் வாய்ப்பு 52 விழுக்காடு. நாணயம் சுண்டுவதைவிடச் சற்றே மேல். யங்குக்கு அடுத்து இரண்டாவதாக ஹூஸ்டன் எடுத்த குவார்ட்டர்பேக் சி. ஜே. ஸ்ட்ரவுட். அந்த ஆண்டின் சிறந்த தாக்குதல் புதுமுகம் என்ற விருது போனது அவருக்கு.

இவ்வளவையும் கூட்டினால் முடிவு தெளிவாகத் தெரிவதுபோல் இருக்கிறது: பசித்தவன் கதவைத் தட்டினால் விற்றுவிட வேண்டும். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். என் நம்பிக்கையைக் குலைத்தது ராம்ஸின் கதைதான்.

வாஷிங்டன் 2013இல் மூன்று ஆட்டம் மட்டுமே வென்றதால் அவர்கள் கொடுத்திருந்த 2014 தேர்வு இரண்டாம் இடமாகவே வந்து விழுந்தது. விற்ற இடமே திரும்பிக் கிடைத்தது! அதில் ராம்ஸ் எடுத்தது கிரெக் ராபின்சன் என்ற பெரிய உடல்வாகு கொண்ட தடுப்பாளரை. மூன்று பருவம் கழித்து ஓர் ஆறாம் சுற்றுத் தேர்வுக்காக அவரை டெட்ராய்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ராபின்சனை எடுத்த அதே மாலை, தன் சொந்தத் தேர்வான 13ஆம் இடத்தில் ராம்ஸ் எடுத்தவர் ஆரன் டோனால்டு. லீகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை மூன்று முறை பெற்றவர். இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே அறையில் ஒரே மனிதர்கள் எடுத்த இரண்டு முடிவுகள் இவை. விற்றுச் சேர்த்த தேர்வுகள் நல்ல ஆட்டக்காரர்களாக மாறும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், 2012இல் ராம்ஸ் விற்றது தங்களிடம் பிராட்ஃபோர்டு இருக்கிறார் என்ற நம்பிக்கையில். அவர் 2013 அக்டோபரில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். 2014 ஆகஸ்டில், பயிற்சி ஆட்டம் ஒன்றில், அதே முழங்கால் மறுபடியும் போனது. டிசம்பரில் அந்த ஆறு பேர் நடுக்களத்துக்கு நடந்து வந்தபோது, ராம்ஸுக்கும் நம்பத்தகுந்த குவார்ட்டர்பேக் இல்லை. சுற்றிலும் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார்கள், நடுவிடம் காலியாகவே கிடந்தது.

2016இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்த அதே ராம்ஸ், இந்த முறை வாங்குபவராகச் சந்தைக்கு வந்தது. டென்னசி டைட்டன்ஸிடமிருந்து முதல் தேர்வைப் பெற 15ஆம் இடம், இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், ஒரு மூன்றாம் சுற்று, மறு ஆண்டின் முதல் சுற்றும் மூன்றாம் சுற்றும் கொடுத்து ஜாரட் கோஃப் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. நான்கு ஆண்டு வறட்சி கற்றுக்கொடுத்த பாடமாகவே இதைப் படிக்கிறேன். டென்னசிக்குக் கிடைத்ததும் குறைவல்ல: 45ஆம் இடத்தில் டெரிக் ஹென்றி. 2020இல் அவர் ஓடிக் கடந்தது 2,027 கெஜம். ஆனால் டென்னசி எந்தக் குவார்ட்டர்பேக்கை நம்பி விற்றதோ அந்த மார்கஸ் மரியோட்டா 2019இல் இடத்தை இழந்தார். மயாமியிலிருந்து வந்த ரையன் டானஹில் கைகொடுத்த பிறகே அந்தப் பருவத்தில் அணி அரையிறுதியை எட்டியது. கோஃபுடன் ராம்ஸ் 2019 பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டியில் ஆடித் தோற்றது. பிறகு அவரையும் மேலும் தேர்வுகளையும் டெட்ராய்டுக்குக் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கி, 2022இல் கோப்பையை எடுத்தது.

கிளீவ்லாந்தின் கதையை நினைத்தால் மனம் கனக்கிறது. 2016இல் தன் இரண்டாம் இடத்தை ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றது. அவர்கள் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை எடுத்தார்கள். பதிலுக்கு வந்த தேர்வுகளில் ஒன்று 2017இல் 12ஆம் இடமாக அமைந்தது. அதையும் ஹூஸ்டனுக்கு விற்றது கிளீவ்லாந்து. அந்த 12ஆம் இடத்தில் ஹூஸ்டன் எடுத்த குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சன். இடைப்பட்ட இரண்டு பருவங்களில் கிளீவ்லாந்து வென்றது ஒரே ஓர் ஆட்டம். 2017இல் பதினாறிலும் தோல்வி. 2022இல், கையில் வைத்திருந்து விட்ட அதே வாட்சனை, மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளும் வேறு சிலவும் கொடுத்து, முழு உத்தரவாதத்துடன் 23 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டு வாங்கியது. அந்த ஒப்பந்தத்துக்கு ஏற்ற ஆட்டம் கிடைக்கவில்லை. பதிலுக்கு வந்த தேர்வுகள் கடைசியில் விழுந்த இடங்களை விலைப்பட்டியலில் வைத்துப் பார்த்தால், 2016, 2017இல் கிளீவ்லாந்து செய்த அந்த இரண்டு விற்பனையும் லாபம்தான்.

அப்படியானால் யார் விற்று ஜெயித்தார்கள்? என்னைக் கேட்டால் சிகாகோவின் 2023 விற்பனையைச் சொல்வேன். முதல் தேர்வு அவர்கள் கைக்கு வந்ததே தற்செயல். 2022 பருவத்தின் கடைசி நாளில் ஹூஸ்டன் இறுதி நிமிடத்தில் இண்டியானாபொலிஸை 32-31 என்று வென்றதால், கடைசி இடம் சிகாகோவுக்கு வந்தது. பொது மேலாளர் ரையன் போல்ஸ் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருக்கு அவகாசம் இருந்தது. டிராஃப்டுக்கு ஏழு வாரம் முன்பே விற்றார். ஒன்பதாம் இடம், 61ஆம் இடம், 2024இன் முதல் சுற்று, 2025இன் இரண்டாம் சுற்று, கூடவே டி. ஜே. மூர் என்ற தேர்ந்த பந்து வாங்கி. கரோலினா 2-15 என்று தரைதட்டியது. அவர்கள் கொடுத்த 2024 தேர்வு முதல் இடமாக வந்து, சிகாகோ குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. வில்லியம்ஸின் முதல் ஆண்டில் அணி 5-12 என்று தடுமாறியதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மற்ற விற்பனையாளர்கள் குவார்ட்டர்பேக் என்ற கேள்வியைத் தள்ளிவிட்டார்கள். சிகாகோ அதை ஓராண்டு ஒத்திப்போட்டு, வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டது.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. எதிர்காலத் தேர்வை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது அந்த அணியின் தோல்வியை. 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ மயாமியிடமிருந்து மூன்றாம் இடத்தை வாங்கி ட்ரே லான்ஸை எடுத்தது. கொடுத்தது 12ஆம் இடம், அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகள், ஒரு மூன்றாம் சுற்று. லான்ஸ் அங்கே தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது நான்கே முறை, தேர்வு தவறிப்போனது. ஆனாலும் அந்த அணி வென்றுகொண்டே இருந்ததால் மயாமிக்குக் கிடைத்த இரண்டு தேர்வுகளும் 29ஆம் இடத்தில்தான் வந்து நின்றன. 2022இன் கடைசித் தேர்வாக, 262ஆம் இடத்தில் எடுத்த பிராக் பர்டி சான் ஃபிரான்சிஸ்கோவை 2024 சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார். விற்பவர் வாங்குபவரின் குவார்ட்டர்பேக்கை மட்டும் எடைபோட்டால் போதாது. அவர் வீடு எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

கடைசியாக பஃபலோ. 2017 ஏப்ரல் 27 இரவு பஃபலோ பில்ஸ் தன் பத்தாம் இடத்தை கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்குப் பெற்றது 27, 91ஆம் இடங்களும் 2018இன் முதல் சுற்றும். பட்டியலில் பத்தாம் இடம் 1,300. வந்த இரண்டும் சேர்ந்து 816. மீதிக்கு ஒரு முதல் சுற்று. நியாயமான பேரம், குவார்ட்டர்பேக் பசிக்கென்று கூடுதல் விலைகூட வைக்காத பேரம். கான்சாஸ் சிட்டி எடுத்தது குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை. பஃபலோ 27இல் எடுத்தது டிரெடேவியஸ் வைட். எதிரணிப் பந்து வாங்கிகளை ஒட்டி நின்று மறிப்பவர், சில ஆண்டுகள் அந்த வேலையில் லீகிலேயே முன்னணியில் இருந்தவர். மறு ஆண்டு பஃபலோவே வாங்குபவராகி, மேலே ஏறி ஏழாம் இடத்தில் ஜாஷ் ஆலனைப் பிடித்தது. விற்றதற்கும் வாங்கியதற்கும் பிறகு அவர்களிடமும் ஒரு பெரிய குவார்ட்டர்பேக் இருந்தார். அதற்குப் பின் ஆலனும் மஹோம்ஸும் நாக்-அவுட் சுற்றில் நான்கு முறை மோதினார்கள்; 2021, 2022, 2024, 2025 ஜனவரிகளில். நான்கிலும் கான்சாஸ் சிட்டிதான் வென்றது.

2022 ஜனவரி 23 ஆட்டத்தை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று நொடி மிச்சமிருக்கும்போது ஆலன் எறிந்த பந்தை கேப்ரியல் டேவிஸ் எல்லைக்குள் பிடித்தார். பஃபலோ 36, கான்சாஸ் சிட்டி 33. மஹோம்ஸ் இரண்டே எறிதலில், டைரீக் ஹில்லுக்கு 19 கெஜம், டிராவிஸ் கெல்சிக்கு 25 கெஜம் என்று களத்தை விழுங்கினார். மூன்று நொடி இருக்கையில் ஹாரிசன் பட்கர் 49 கெஜத்திலிருந்து உதைத்துச் சமன் செய்தார். மஹோம்ஸ் எறிந்த அந்த இரண்டு பந்துகளை மறிக்க வேண்டிய கூட்டத்தில் வைட் இல்லை. நவம்பர் 25 அன்று முழங்கால் தசைநார் கிழிந்து அந்தப் பருவத்தையே இழந்திருந்தார். கூடுதல் நேரத்துக்காக நாணயம் சுண்டப்பட்டது. கான்சாஸ் சிட்டி வென்று பந்தை எடுத்துக்கொண்டது. மஹோம்ஸ் எறிந்து கெல்சி பிடித்ததோடு ஆட்டம் 42-36 என்று முடிந்தது. கூடுதல் நேரத்தில் ஆலனின் கைக்குப் பந்து வரவே இல்லை.